பிளக்கைப் பிடுங்கிய பிறகு

1

இந்தக் கதை என் வீட்டுக் குளியலறையில் கிடைத்தது. ஒரு கதைக்கு இது கௌரவமான பிறப்பிடம் இல்லை, தெரியும். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் சொன்னார் என்று புளுகியிருக்கலாம். நடந்தது இதுதான்: வெந்நீர் வரவில்லை. கீசரைப் பார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்தவர் கீசரைக் கழற்றி வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து என்னிடம் ஓர் உதவி கேட்டார். அந்த உதவிதான் இந்தக் கதை. (என்ன உதவி என்று கடைசியில் சொல்கிறேன். இது தந்திரம் இல்லை. இப்போதே சொல்லத் தைரியம் வரவில்லை.)

கதையில் இருப்பவர்கள் மூன்று பேர். ஒருவர் அந்த எலக்ட்ரீஷியன். இன்னொருவர் அவருடைய அண்ணன். பாட்டுக் குழுவில் தும்பா என்ற உயரமான மேளத்தைக் கையால் வாசித்தவர், அதனால் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் பெயரே தும்பா. போன வருடம் இறந்துவிட்டார். மூன்றாமவர், தும்பாவின் மனைவி, எலக்ட்ரீஷியனுக்கு அண்ணி. இவர்களுக்கு நடுவில் ஒரு பெட்டி. நானும் குறுக்கே குறுக்கே வருவேன். கண்டுகொள்ளாதீர்கள்.

2

பெட்டி என்றது பழைய காலத்து ரிதம் பெட்டி. டிபன் டப்பாவை விடக் கொஞ்சம் அகலம். மேலே வரிசையாகச் சதுரப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் தும்பா, அடுத்ததில் பாங்கோ, அதற்கடுத்ததில் மாட்டு மணி, பிறகு கிலுகிலுப்பை, விசில், வரிவரியாகக் கீறிய சுரைக்குடுக்கையைக் குச்சியால் இழுக்கிற சத்தம். லத்தீன் அமெரிக்காவின் தாள வாத்தியங்கள் மொத்தமும் பொத்தானுக்கு அடியில் குடித்தனம் இருந்தன. நாம் தட்டுவதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். தொடக்கப் பொத்தானை அழுத்தினால், தட்டியதை அப்படியே திரும்பத் திரும்ப வாசிக்கும், போதும் என்று நிறுத்தும் வரை.

இதை வைத்துக் கதையைத் தொடங்கச் சில வாக்கியங்கள் எழுதினேன். கோடு போட்டு அடித்தவை கீழே கிடக்கின்றன.

‘அந்தப் பெட்டிக்குள் ஒரு தீவே இருந்தது, அதன் கரையில் வெயிலும்—’ (வேண்டாம். நான் அந்தப் பக்கத்துத் தீவு எதையும் பார்த்ததில்லை. தும்பாவும் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஹோட்டல் ஹால்கள்.)

‘ஒரு தம்பியின் அலட்சியத்தால்—’ (இது பச்சைப் பொய். இதற்கு நான்காம் பகுதியில் பதில் சொல்கிறேன்.)

‘சத்தம் என்பது காலத்தின்—’ (சத்தம் என்பது சத்தம். மேலே போ.)

3

தும்பா இந்தப் பெட்டியை வாங்கியபோது குழுவில் எல்லோரும் சிரித்தார்களாம். தோலைத் தட்டிப் பிழைக்கிறவன் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான் என்று. அவருடைய வலது மணிக்கட்டு அப்போதே கைவிட்டுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. கை நின்றுபோனால் கைக்குப் பதிலாக இது இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. கடைசியில் பெட்டி மேடை ஏறவே இல்லை. கை நின்றபோது மேடையையும் நிறுத்திவிட்டார். அதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம், சமையலறை மேஜையில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தாளத்தைத் தட்டி வைத்தார். பிறகு வேறு எதையும் தட்டவில்லை.

அந்தத் தாளத்தில் கடைசித் தட்டு நேரத்துக்கு விழாது. சற்றுத் தாமதமாக விழும். மணிக்கட்டுக் கோளாறுதான். பெட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? கோளாறையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டது.

அண்ணி அந்தப் பெட்டியைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்வார். புருஷன் எந்நேரமும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் வேறென்ன சொல்வது.

“என்ன, என் சக்களத்தி இன்னிக்கும் நொண்டுறாளா?”

“நொண்டலடி. யோசிக்கிறா.”

தினமும் இதே கேள்வி, இதே பதில். எலக்ட்ரீஷியன் சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் வளர்ந்தவர், இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்றார். புளித்த முகமாக இல்லை அது.

தும்பா போன பிறகு அண்ணி தினமும் சமைக்கும்போது பெட்டியைப் போட்டுவிடுவார். இந்த இடத்தில் நான் அண்ணியைப் பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, முந்தானையால் வாயைப் பொத்தி அழவைத்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. கீசருக்குப் புது ஹீட்டிங் காயில் மாட்ட மறுபடி வந்தபோது எலக்ட்ரீஷியனிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவர் முகம் கோணியது.

“அண்ணி அழ மாட்டாங்க சார். அது பாட்டுக்கு ஓடும், அவங்க பாட்டுக்கு காய் நறுக்குவாங்க. கத்தியும் அதே தாளத்துலதான் விழும். நடுநடுவுல திட்டுவாங்க.”

யாரை என்று கேட்டேன்.

“பெட்டியைத்தான். வேற யாரு இருக்கா.”

அழுகையை அடித்துவிட்டேன்.*

* அடித்த பத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. வேறொரு கதையில், வேறொரு பெண்ணை அழவைக்க உதவும். எழுத்தாளர்கள் இப்படிப்பட்டவர்கள்தான், நம்பாதீர்கள்.

4

இனி எலக்ட்ரீஷியன். முதல் வரைவில் அவரை அலட்சியமான ஆளாக்கியிருந்தேன். அது வசதி. ஒருவர் அலட்சியமாக இருந்தார், ஒன்று தொலைந்தது. வாசகருக்குத் திட்ட ஓர் ஆள் கிடைத்துவிடும், நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவார். ஆனால் குளியலறையில் நான் பார்த்த மனிதர் அப்படியில்லை. கீசரின் சுவிட்சை அணைத்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கிய பிளக் எந்நேரமும் கண்ணில் படும்படி எதிரே தொங்கவிட்டார். அதன் பிறகும் நம்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் கை வைத்தார். வேலை பழகிய காலத்தில் பக்கத்தில் நின்றவர் கரண்ட் அடித்துச் செத்ததைப் பார்த்தவராம். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் முதலில் பிளக். ரேடியோவோ இஸ்திரிப் பெட்டியோ, யாருக்கும் சலுகை கிடையாது.

அண்ணி பெட்டியை அவரிடம் கொண்டுவந்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். பெட்டியின் சின்னத் திரையில் பேட்டரி படம் ஒன்று மினுக்கத் தொடங்கியிருந்தது. பின்பக்கம் பென்சில் பேட்டரி போடும் பள்ளம் உண்டு. பெட்டி ஓடுவதென்னவோ சுவர் கரண்டில். பேட்டரி அதன் ஞாபகத்துக்கு. சுவரிலிருந்து பிடுங்கினாலும் தட்டி வைத்த தாளம் அழியாமல் இருப்பதற்கு. அண்ணிக்கு இவ்வளவு விவரம் தெரியாது. மினுக்கினால் ஏதோ சரியில்லை என்று தெரியும். பச்சைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மச்சினர் கடைக்கு வந்தார். கண்ட கண்ட இடத்தில் கொடுக்க மனசு வரவில்லை, நீயே பார்த்துச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலக்ட்ரீஷியன் முதலில் சுவரில் சொருகி ஓடவிட்டுப் பார்த்தார். அண்ணன் வாசித்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினார். சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார், எதிரே தொங்கவிட்டார். பின்மூடியைக் கழற்றினால் பேட்டரிகள் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தன. அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு, பழைய பல் பிரஷால் பள்ளத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். புதிது போட்டார். திரும்ப மாட்ட மூடியைக் கையில் எடுத்தபோதுதான் அதன் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார். பேட்டரி மாற்றும்போது பெட்டி மின் இணைப்பில் இருக்க வேண்டும் என்று இருந்தது.

பிளக் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

சொருகிப் பார்த்தார். தொடக்கப் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு ஒரே சீராக மினுங்கிக்கொண்டு ஓடியது. சத்தம் இல்லை. ஒருவேளை ஸ்பீக்கர் ஒயர் போயிருக்கும் என்று ஒரு நப்பாசை. பொத்தான்களைத் தனித்தனியாக அழுத்தினார். தும்பா பேசியது. மணி பேசியது. கிலுகிலுப்பை, விசில், சுரைக்குடுக்கை, ஒன்று பாக்கியில்லாமல் பேசின.

“எல்லா வாத்தியமும் இருந்துச்சு சார். அண்ணன் மட்டும் இல்ல.”

(இந்த வாக்கியம் அவருடையது. நான் எழுதியிருந்தால், ரொம்ப அழகாக இருக்கிறதே என்று அடித்திருப்பேன்.)

இதை அவர் வாளியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருடைய போன் அடித்தது. அண்ணி. பெட்டி ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறார்.

“ஓடுது அண்ணி,” என்றார்.

பொய் என்று சொல்ல முடியாது. விளக்கு ஓடத்தானே செய்தது. போனை வைத்தார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். எழுதுகிறவனுக்கு இதெல்லாம் சுலபம்.

“திட்டினா வாங்கிக்குவேன் சார். அவங்க திட்ட மாட்டாங்க. ‘சரி விடு’ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவாங்க. அதைத்தான் தாங்க மாட்டேன்.”

5

இந்த இடத்தில் புத்திசாலி வாசகர் ஒருவர் கை தூக்குவார்: ஏன், செல்போனில் ஒரு பதிவு கூடவா இல்லை? கச்சேரிகளின் பதிவுகள் இருக்கின்றன. அதிலெல்லாம் தும்பா கையால் வாசிக்கிறார், நல்ல மணிக்கட்டோடு. இந்தத் தாளம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. தினமும் கேட்கிற சத்தத்தை யார் பதிவு செய்கிறார்கள்? உங்கள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் உங்களிடம் இருக்கிறதா?

ஆகவே முடிவுகள்தான் மிச்சம். யோசித்தவற்றைச் சொல்கிறேன்.

பெட்டி கடையில் திருடு போய்விட்டது என்று சொல்லலாம். யார் மேலும் பழி இல்லை. ஆனால் அண்ணி அதன் பிறகு, எங்கோ யார் வீட்டிலோ தன் புருஷன் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பிக்கொண்டே இருப்பார். கொடுமை. அடித்தாயிற்று.

இன்னொன்று, அதே தாளத்தைத் திரும்பத் தட்டி வைத்துப் பெட்டியைக் கொடுத்துவிடுவது. உண்மையைச் சொல்வதானால் இந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. இல்லாததை இருந்ததுபோலச் செய்து கொடுப்பதுதானே என் தொழில். இன்னொருவர் வயிற்றெரிச்சலை எடுத்து, இடைவெளிகளை நிரப்பி, அசல் மாதிரியே செய்து, அட்டை போட்டு விற்கிறேன். ஒரு தாளத்தைச் செய்ய முடியாதா?

நான் சொல்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் அதைச் செய்து பார்த்திருந்தார்.

6

குழுவில் கீபோர்டு வாசித்தவரைக் கடைக்கு வரவழைத்தார். அவருக்கு இந்தப் பெட்டி கைவந்த சங்கதி. எலக்ட்ரீஷியன் வாயால் சொல்லச் சொல்ல அவர் பொத்தான்களைத் தட்டினார். சீக்கிரமே முக்கால்வாசி வந்துவிட்டது. மணி சரி, பாங்கோ சரி, தும்பா சரி. கடைசித் தட்டில் மாட்டிக்கொண்டார்கள்.

எவ்வளவு தாமதம் என்று கீபோர்டுக்காரர் கேட்டார். எலக்ட்ரீஷியன் சொன்னார். வைத்தார்கள். இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். ரொம்பத் தள்ளிப்போய்விட்டது. முன்னால் இழுத்தார்கள். இப்போது வேறு யாரோ வாசிப்பது மாதிரி இருந்தது. மறுபடி, மறுபடி. மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எலக்ட்ரீஷியன் கண்ணை மூடிக் கேட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

பிறகு ஒரு தடவை தலையாட்டவில்லை.

சரியாக வந்துவிட்டதா என்று கீபோர்டுக்காரர் ஆவலாகக் கேட்டிருக்கிறார். அதற்கு இவர் சொன்ன பதில் ஒரே வார்த்தை. தெரியவில்லை என்று சொன்னாராம். தப்புத் தப்பாகக் கேட்டுக் கேட்டு, சரியானது எது என்பதே மறந்துவிட்டதாம். காலையில் கடை திறந்தபோது காதில் இருந்தது, அன்று பூட்டும்போது இல்லை.

“பெட்டியில ஒரு தடவை அழிச்சேன் சார். அப்புறம் என் காதுலயும் அழிச்சுட்டேன்.”

தட்டி வைத்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் பெட்டியைத் துண்டில் சுற்றி மேலே வைத்துவிட்டார்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு எழுத ஓடவில்லை. ஒருவன் தன்னிடம் மிஞ்சியிருந்ததைக் காப்பாற்றப் போய் அதையும் தொலைத்துவிட்டு என் வீட்டு வாளியில் உட்கார்ந்திருக்கிறான். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்தார். வேறு எதற்கும் நான் லாயக்கில்லை.

7

இங்கே ஓர் ஆறுதல் எழுதியிருந்தேன். ‘ஆனால் அந்தத் தாளம் அழியவில்லை, அண்ணி காய் நறுக்கும்போது அவருடைய கத்தியில் அது—’

அடித்துவிட்டேன். காய் நறுக்குகிற சத்தம் காய் நறுக்குகிற சத்தம்தான். செத்தவர் கத்தியில் எல்லாம் வருவதில்லை.

8

இப்போது அந்த உதவி.

அண்ணி பத்திரிகைகளில் வரும் கதைகளை ஒன்று விடாமல் படிக்கிறவர். என் கதைகளையும் படிக்கிறாராம். இதை எலக்ட்ரீஷியன் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. அடுத்த நொடி அதில் தண்ணீரை ஊற்றிவிட்டார்: “முடிவுதான் புரியலைன்னு சொல்வாங்க சார். இந்தாளு கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு வச்சுக்கிட்டுக் குடுக்குறாருன்னு.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இதை நான் ஒரு கதையாக எழுத வேண்டும். அண்ணி அதைப் படிக்க வேண்டும். தன் வாயால் சொல்ல முடியாததை அவர் அப்படித் தெரிந்துகொள்ள வேண்டும்.

“இந்த ஒரு தடவை புரியிற மாதிரி எழுதிடுங்க சார்.”

ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். இதுவரை உங்களிடம் பேசுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். நான் பேசிக்கொண்டிருந்தது ஒருவரிடம்தான்.

அம்மா, சக்களத்தி என்ற சொல்லைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். அதற்குப் பிறகும் படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். கிழித்து வைத்துக்கொள்ளாமல் சொல்கிறேன்: பெட்டியில் எதுவும் இல்லை. நீங்கள் தினமும் கேட்டது போய்விட்டது, திரும்ப வராது. உங்கள் மச்சினர் பிளக்கைப் பிடுங்கினார், அதனால் போய்விட்டது. பிடுங்காமல் எதையும் தொடத் தெரியாத ஆள் அவர். நீங்கள் அதற்காகத்தான் அவரிடம் கொடுத்தீர்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு பக்கத்தில் அந்தத் தாளத்தை ஒரு இடத்திலும் நான் எழுத்தில் எழுதவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. எழுதிப் பார்த்துக் கிழித்தேன். இனி அது இருக்கிற ஒரே இடம் உங்கள் காது. அங்கே நானும் போய் எதையாவது தட்டிவைத்து, அவருக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துவிடக் கூடாது. இது ஆறுதல் இல்லை. காதும் மறக்கும். என் அப்பாவின் குரலை எனக்கு இப்போது ஞாபகமில்லை. எப்போது மறந்தது என்றும் தெரியாது.

மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். முடிவு என்னிடம் இல்லை. இந்தத் தடவை கிழிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. நீங்கள் கடைக்குப் போவீர்களா, போனால் என்ன சொல்வீர்கள், எனக்குத் தெரியாது. அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். நான்காம் பகுதியின் கடைசியில் இருக்கிறது. அதை மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. சொல்வதற்கு உங்களிடம் வேறு என்னதான் இருக்கிறது.

கடை திறந்திருக்கிறது. பெட்டி மேல் தட்டில், உங்கள் பச்சைத் துண்டிலேயே இருக்கிறது. புது பேட்டரி போட்டிருக்கிறது. இனி எதைத் தட்டி வைத்தாலும் பல வருடம் ஞாபகம் வைத்திருக்கும். அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து யாருடைய இஸ்திரிப் பெட்டியையோ கழற்றிக்கொண்டிருப்பார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.